ஊசி இல்லாத வீடு

அன்புவழிபுரத்தில் இருந்த புஸ்பராணி அருளம்பலம், முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொடாத சைவக் குடும்பத்துப் பெண். பதினைந்து வயதிலிருந்து, மாட்டிலும் பன்றியிலும் எடுத்த மருந்தைத் தினமும் தொடையில் ஏற்றிக்கொண்டார். பிறகு, மரபணு மாற்றம் மனிதகுலத்துக்கு வந்த சாபம் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த ஒருவரின் மனைவியாக இருந்தபடி, மரபணு மாற்றத்தின் தயவில் உயிர் வாழ்ந்தார். இந்த இரண்டு முரண்பாடுகளோடும் அவர் சுகமாகவே இருந்தார். மூன்றாவதாக ஒன்று வந்தது. அதுதான் ஆளைக் கொண்டுபோனது.

அவருக்கு வந்தது, வயது போனவர்களுக்கு வருகிற சாதாரண சீனி வருத்தம் அல்ல. இளவயதில் வருகிற மற்ற வகை. உடம்பு இன்சுலினைச் செய்வதையே நிறுத்திவிடும். வெளியிலிருந்து கொடுத்தால் வாழ்வு, கொடுக்காவிட்டால் இல்லை. பாவக்காய், சிறுகுறிஞ்சா, நேர்த்திக்கடன் ஒன்றும் அந்த இடத்தை நிரப்பாது. இதை அவர் தன் பதினைந்தாவது வயதிலேயே தெளிவாகத் தெரிந்துகொண்டார். அந்த நாளில் சோதனையும் வீட்டிலேயே. நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை என்றால் பரவாயில்லை, செங்கல் நிறம் வந்தால் அம்மா அழத் தொடங்குவார். பள்ளிக்கூடத்தில் இரசாயனத்துக்கு முதலாம் பிள்ளையாக வந்ததற்கு வேறு காரணம் இல்லை என்பது புஸ்பராணியின் வாதம்.

ஊசி எதில் செய்வது என்று ஒருநாள் ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டார்.

"மாட்டிலயும் பண்டியிலயும்தான், பிள்ளை. வீட்டில சொல்லிப்போடாத. எல்லாரும் தலைமுழுகிப்போட்டு உன்னையும் முழுக வைப்பினம்."

வீட்டில் சொல்லவில்லை. பல வருடங்கள் கழித்துக் கணவரிடம் மட்டும் சொன்னார்: "சைவம் என்ர வாயோட முடிஞ்சுது. தோலுக்குள்ள நான் எல்லாம் கலந்தவள்."

தொண்ணூறாம் ஆண்டு சனம் ஊரைவிட்டு ஓடியபோது அவரும் ஓடினார், ஒரு இன்சுலின் குப்பியைப் பிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு. அகதி முகாமில் சாப்பாடு அரைவாசி. ஊசியையும் அரைவாசியாக்கினார், பிறகு காவாசியாக்கினார். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு, அந்த முகாமிலிருந்து வெளியே வந்தார். சாப்பாடு குறைந்தால் ஊசியும் குறையலாம் என்ற பாடத்தை அங்கே படித்தார். பாடம் சரிதான். அது எந்த இடத்தில் நிற்கும் என்பதை மட்டும் முகாம் படிப்பிக்கவில்லை. குப்பி முற்றாக முடியுமுன் நிவாரணக்காரரின் ஐஸ் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. யுத்தம் பலருக்கு அரைகுறையாகப் பல பாடங்களைப் படிப்பித்தது, இது ஒன்று.

கணவர் அருளம்பலத்தார் விவசாயத் திணைக்களத்தில் போதனாசிரியராக இருந்தார். பெண்ணுக்கு வருத்தம் என்று தெரிந்தே கட்டினார். அந்தக் காலத்தில் அது ஒரு செய்தி. கட்டின பிறகு, மனைவியின் இடது கையில் ஊசி போடப் பழகினார். இவர் போட்டால் நோகாது என்று புஸ்பராணி சொல்வார். அதைவிடப் பெரிய புகழ்ச்சியை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. பிள்ளை தங்கவில்லை. புஸ்பராணி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு வேலைக்குப் போனார். கணவர் மோட்டார் சைக்கிளில் வயல் வயலாகப் போனார். உர மானியத்துக்குப் பொய்யாக ஒரு கையெழுத்துப் போட மறுத்ததால் ஒருமுறை தூரத்துக்கு இடமாற்றம் வந்தது. மாறிப் போனார், கையெழுத்துப் போடவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்ற பெயர் அப்போது வந்தது. ஊரில் இது அரைவாசி பாராட்டு, அரைவாசி நக்கல்.

பிறகு புது இன்சுலின் வந்தது. கிளினிக்கில் வைத்தியர் விளக்கினார்: மனிதருடைய மரபணுவில் இன்சுலின் செய்கிற துண்டை எடுத்து, பாண் புளிக்க வைக்கிற ஈஸ்டுக்குள்ளோ ஒரு பக்டீரியாவுக்குள்ளோ வைத்துவிடுகிறார்கள். அது பெரிய தொட்டிகளில் பெருகிப் பெருகி மனித இன்சுலினையே செய்து தருகிறது. மாடு இல்லை, பன்றி இல்லை. பழைய மருந்தால் புஸ்பராணியின் தொடையில் விழுந்திருந்த குழிகள் மெல்ல மெல்ல நிரம்பின.

"இண்டைக்குத்தான் நான் முழுச் சைவம்," என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மரபணுக் கதையை அன்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. அப்போது அது ஒரு கதையே இல்லை.

அது கதையானது அருளம்பலத்தார் ஓய்வுபெற்ற பிறகு. கோயில் நிர்வாகசபையில் அவருக்குப் பகை இருந்தது. முதியோர் சங்கத்துக்கு வயது போதாது. ஆகவே உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டார். ஒரு புரொஜெக்டர் வாங்கினார். பள்ளிக்கூட மண்டபங்களிலும் கமக்காரர் சங்கக் கட்டடங்களிலும் மரபணு மாற்றிய விதைகளுக்கு எதிராகப் பேசினார். முதல் படமே ஒரு தக்காளிப்பழம், அதில் ஊசி குத்தியிருக்கும். அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்ததே புஸ்பராணிதான்.

"தக்காளிக்கு எத்தினை யூனிட்?" என்று கேட்டார்.

"நீர் பகிடி பண்ணாதையும். இது சீரியஸான விசயம்."

"சீரியஸ்தான். இஞ்ச, 'உண்பவர்கள் மலடாவார்கள்' எண்டு போட்டிருக்கிறீங்கள். ஆர் ஆனது?"

"ஆராய்ச்சி இருக்கு."

"எங்க?"

"எங்கேயோ இருக்கு. நீர் அடியும்."

அவர் அடித்தார். கணவரின் பேச்சுக்களையெல்லாம் அவர்தான் அடித்தார், எழுத்துப்பிழை திருத்தினார், நடுவில் எழுந்துபோய்த் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து மிச்சத்தை அடித்தார்.

நேர்மையாகச் சொன்னால், அருளம்பலத்தார் பேசியதில் பாதி சரி. புழு தின்னாதபடி மாற்றிய பயிரையும் சில வருடத்தில் தின்னப் பழகிய புழுக்கள் உண்டு. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பயிரைச் செய்தபோது, சில நாடுகளில் களைக்கொல்லி அடிப்பது கூடியது, களையும் சாகாமல் இருக்கப் பழகியது. மகரந்தம் வேலியை மதிக்காது. விதை ஒரு சில கொம்பனிகளின் கையில் சேர்ந்தால் கமக்காரன் வருடா வருடம் அவர்களின் வாசலில்தான் நிற்க வேண்டும். இவையெல்லாம் உண்மை. மலடு, புற்றுநோய் என்ற மற்றப் பாதிக்கு ஆதாரம் இல்லை. சரியான பாதிக்குச் சனம் கொட்டாவி விட்டது, பிழையான பாதிக்குக் கை தட்டியது. பொய் சொல்லத் தெரியாதவர்தான்; ஆனால் நம்பிச் சொல்வது பொய் இல்லையே. இத்தனைக்கும், இந்த நாட்டில் அப்படிப்பட்ட விதையை விதைக்க அனுமதியும் இல்லை. எதிரி ஊருக்குள் வராதபடியால் அவர் எங்கும் தோற்கவுமில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மின்சாரம் மணிக்கணக்காகப் போனபோது, மண்பானையில் மணல் போட்டு, ஈரமாக்கி, நடுவில் மனைவியின் குப்பிகளைப் புதைத்து வைத்தவரும் அவர்தான். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். மரபணுவுக்கு எதிரான துண்டுப்பிரசுரத்தை ஒரு கையில் வைத்து வாசித்தபடி மற்றக் கையால் தெளித்தார். புஸ்பராணி அதைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்குள் சில பகிடிகளைத் தனியாகவே வைத்துக்கொள்ளத் தோன்றும்.

விளங்கியது குறிஞ்சாக்கேணிக் கூட்டத்தில்.

கிண்ணியாப் பக்கத்தில் சோளம் செய்தவர்களைப் படைப்புழு சில வருடங்களுக்கு முன்னர் அழித்திருந்தது; அந்தச் சூடு யாருக்கும் இன்னும் ஆறவில்லை. கூட்டத்துக்கு ஆட்கள் நிறைய. புஸ்பராணியும் போயிருந்தார், இரண்டாவது வரிசையில் கதிரை. பேச்சு முடிந்ததும் இன்ஷிரா என்ற பெண் எழுந்தார். கிண்ணியாவில் பார்மசி நடத்துகிறவர், தகப்பன் சோளம் செய்து நட்டப்பட்டவர்.

"சேர், ரெண்டு கேள்வி. புழு திங்காத சோளம் வெளிநாட்டில இருக்காமே. இருந்திருந்தா எங்கட வாப்பா அவ்வளவு புழு மருந்தைச் சுவாசிச்சிருக்க மாட்டார்தானே?"

"அந்தச் சோளத்தைத் திங்கவும் புழு பழகும், தங்கச்சி," என்றார் அருளம்பலத்தார். இது சரியான பதில்.

"சரி சேர். மற்றது, நான் விக்கிற இன்சுலினும் மரபணு மாத்தித்தானே செய்றாங்க. அதையும் நிப்பாட்டச் சொல்றீங்களா?"

மண்டபம் அவரைப் பார்த்தது. அவர் மனைவியைப் பார்த்தார். புஸ்பராணி தலையை மெல்ல ஆட்டினார்: ஓம், அப்படித்தான். அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது, இத்தனை வருடமாகத் தன் கையாலேயே அதைப் போட்டிருக்கிறார் என்று. ஒலிவாங்கி கையில் இருந்தது. தெரியாது என்று சொல்லலாம், யோசிக்க வேண்டும் என்று சொல்லலாம். முன்னால் நூறு முகம் இருக்கும்போது இந்த இரண்டு சொற்களும் ஒருவருடைய வாயில் இலேசில் வராது.

"அதுவும் வேண்டாம்," என்றார். "என்ர மனுசிக்கும் சீனி வருத்தம்தான். எங்கட வீட்டில அந்த ஊசி இல்லை."

கைதட்டல் எழுந்தது. இன்ஷிரா மட்டும் உட்காராமல் நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது வான் வண்டியில், கிண்ணியாப் பாலத்தில், புஸ்பராணி கேட்டார்:

"வீட்டில ஊசி இல்லையாமே?"

அருளம்பலத்தார் கடலைப் பார்த்தார்.

"கேக்கிறன், இல்லையோ?"

"அந்த நேரத்தில வாயில வந்திட்டுது. விடும்."

"அறுபத்தைஞ்சு வயசில முதல் பொய். அதுவும் என்னைப் பற்றி."

"நீர் முந்தியே சொல்லியிருக்க வேணும், அது அப்படிச் செய்யிறதெண்டு."

"ஓ, இப்ப என்ர பிழை."

வானை ஓட்டியவன் கஜீபன். அருளம்பலத்தாரோடு சேர்ந்த விதை எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பெடியன்களில் சுறுசுறுப்பானவன், முகநூல் பக்கமும் அவன் பொறுப்பு. பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை பாலத்தோடு முடிந்திருக்கும். மறுவாரமே அவன் கைபேசியோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமி, நாப்பது வருசமா ஊசியில்லாமல் இருக்கிறீங்களாம்! இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே? சனம் தெரிஞ்சுகொள்ள வேணும். ரெண்டு நிமிசம் கதையுங்கோ, போதும்."

அருளம்பலத்தார் குசினி வாசலில் நின்றார். மனைவி அவரைப் பார்த்தார். இவர் சொல்லட்டும் என்று பார்த்திருக்க வேண்டும். அவர், "தேத்தண்ணி வைக்கிறன்," என்று உள்ளே போனார். தேத்தண்ணீர் வைக்க அவருக்குத் தெரியாது.

புஸ்பராணி சேலையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன சாப்பிடுறீங்கள் மாமி?"

"பாவக்காயும் என்ர மனுசன்ர பேச்சும். ரெண்டும் கசப்பு, ரெண்டும் உடம்புக்கு நல்லதாம்."

கஜீபன் சிரித்ததில் படம் ஆடியது. "அப்ப ஊசி?"

"இந்த வீட்டில ஊசி இல்லை எண்டு ஐயா சபையில சொல்லிப்போட்டார். ஐயா பொய் சொல்லுற ஆள் இல்லை."

ஒரு சொல்லும் பொய் இல்லை, கவனித்துப் பார்த்தால். ஆனால் முகநூலில் யார் கவனித்துப் பார்க்கிறார்கள்? சில நாட்களில் அந்தப் படம் கனடாவரை போனது. புஸ்பராணியின் பழைய கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் தொலைபேசியில் பாராட்டினார்கள். புஸ்பராணி ஊசி போட்டுக்கொள்வது தெரிந்த பக்கத்து வீட்டுக்காரி மட்டும் மதிலுக்கு மேலால், "என்னடி பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் தைத்தது என்று நினைக்க இடமுண்டு. இடமாற்றத்துக்குப் போனாலும் பொய்க் கையெழுத்துப் போடாத மனுசன் என்று தலைநிமிர்ந்து திரிந்தவர் புஸ்பராணி. அந்தப் பெருமைக்குப் புருசனைவிட அவரே அதிகம் சொந்தக்காரி. இப்போது அது மதிலுக்கு மேல் கிடந்தது. புருசன் சொன்னதைப் புருசனே திருத்த வேண்டும், அவர் திருத்துவதாயில்லை. அப்படியென்றால் சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும். புத்தியுள்ள பெண். புத்தியுள்ளவர்களின் பிழைக்கு ஒரு சிறப்பு உண்டு, அதற்குக் காரணங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கி இருக்கும்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். வழமையாக அவர் கிளினிக்கில் கேட்டு, ஊசியைக் குறைத்து, ஒருநேரம் பாலும் பழமும் எடுத்துப் பிடிப்பார். இம்முறை கேட்கவில்லை. சாப்பாடு இல்லை, ஆகவே சீனி இல்லை, ஆகவே ஊசி வேண்டாம். முகாமில் காவாசி ஊசியோடு இருந்த உடம்பு ஆறு நாள் தாங்காதா? முருகனும் பார்த்துக்கொண்டிருப்பான்.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. இன்சுலின் முற்றாக இல்லாவிட்டால், சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன்பாட்டில் சீனியை இறைத்துக்கொண்டே இருக்கும். உடம்போ அந்தச் சீனியைத் தொட முடியாமல் தன் கொழுப்பை எரிக்கும். எரிந்த மிச்சம் அமிலமாக இரத்தத்தில் சேரும். காவாசி என்பது இதை அடக்கி வைக்கும். ஒன்றுமில்லை என்பது அடக்காது. காவாசிக்கும் ஒன்றுமில்லைக்கும் நடுவில் இருந்தது ஒரு சின்ன வித்தியாசம் என்று அவர் நினைத்தார்.

அருளம்பலத்தார் அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாக, தான் பேசுவதற்கு எதிராக உள்ளதையெல்லாம் தேடி வாசித்தார். தொட்டிக்குள் இருக்கிற கிருமி வேறு, வயலில் நிற்கிற பயிர் வேறு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். தொட்டியை மூடலாம், வயலை மூட முடியாது. மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா என்று கேட்பது, கத்தி நல்லதா கெட்டதா என்று கேட்பது போல. யாருடைய கையில், எதற்கு, எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லி, குறிஞ்சாக்கேணியில் சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிடத் தீர்மானித்தார். மனைவியிடம் விரதம் முடிக்கிற பாறணைக்குப் பிறகு சொல்லலாம் என்று வைத்தார். விரத நாளில் வாக்குவாதம் வேண்டாம்.

பாவித்த ஊசிகளைப் போடுகிற தகரப்பேணி குசினித் தட்டில் இல்லாததையும் கண்டார். வருகிற பெடியளின் கண்ணில் படாமல், தன் மானத்துக்காக மனைவி அதை ஒளித்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். குறிஞ்சாக்கேணிக்குப் பிறகு மனைவி ஊசிக்கு அவரிடம் கை நீட்டவில்லை, தானே போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தார்; வெட்கத்தில் கேட்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் குப்பி குறையாமல் இருப்பது தெரிந்திருக்கும். அந்தப் பெட்டியின் பக்கம் போகவே அவர் கூசினார்.

கோயிலில் மற்றப் பெண்கள் புஸ்பராணியின் மாற்றத்தைக் கண்டார்கள். கண்டு மகிழ்ந்தார்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. மந்திரம் செபிக்கிறார் என்றார்கள். கதைத்தால் வாயிலிருந்து பழ வாசம் வந்தது. "இந்த முறை அக்காவுக்கு விரதம் பலிச்சிட்டுது," என்று ஒருத்தி மெய்யாகவே கையெடுத்துக் கும்பிட்டார். அமிலம் ஏறிய உடம்பின் வாசம் அது. பக்திக்கும் அதற்கும் மூக்கில் வித்தியாசம் தெரியாது.

நான்காம் நாள் மத்தியானப் பூசையில், தூணில் சாய்ந்தபடி இருந்தவர் எழும்பவில்லை. கஜீபனின் வான்தான் பக்கத்தில் நின்றது.

ஆஸ்பத்திரியில் பார்த்த இளம் பெண் வைத்தியர், குனிந்து ஒருமுறை முகர்ந்ததுமே தாதியிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மானி எண் காட்டவில்லை, அளவு கடந்துவிட்டது என்று மட்டும் காட்டியது.

"இவங்க இன்சுலின் போடுறவங்களா?" என்று வைத்தியர் கேட்டார்.

"இல்லை மிஸ்," என்றான் கஜீபன். "மாமி முழுக்க இயற்கை. நீங்கள் வீடியோ பாக்கேல்லையா?"

"நான் அவரைக் கேக்கிறேன்."

"போடுறவ," என்றார் அருளம்பலத்தார். "பதினைஞ்சு வயசிலயிருந்து. நான் சொன்னது பொய், தம்பி."

கஜீபன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு தன் கைபேசியைப் பார்த்தான், அதற்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்பது போல. வைத்தியருக்கு யார் பொய் சொன்னார்கள் என்பதில் அக்கறை இல்லை.

"கடைசி ஊசி எப்ப போட்டாங்க?"

அருளம்பலத்தார் வாயைத் திறந்தார். முப்பது வருடம் தன் கையால் போட்டவர்.

"தெரியாது," என்றார்.

அந்தச் சொல்லைக் குறிஞ்சாக்கேணியில் சொல்லியிருந்தால் நூறு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சேலைனும் இன்சுலினும் ஏறின. அடுத்த நாள் பின்னேரம் புஸ்பராணி கண் விழித்தார். குரல் அடியில் கிடந்தது.

"என்ன ஏறுது?"

"மருந்து."

"என்ன மருந்தெண்டு கேக்கிறன்."

"இன்சுலின்."

"சொல்லிப்போட்டீங்களோ?"

"சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"டொக்டருக்கு. கஜீபனுக்கும்."

"சபைக்கு?"

"சொல்லுவன். எல்லாம் வாசிச்சு வைச்சிருக்கிறன். பாறணைக்குப் பிறகு உம்மட்டைச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"விசர் மனுசன்," என்றார் புஸ்பராணி. "அதைப் பாலத்திலயே சொல்லியிருக்கலாமே."

அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அவருடைய சிறுநீரகம் முன்பே பழுதாகி இருந்தது, இதயமும் அப்படித்தான். நாற்பது வருட வருத்தம் உடம்பில் தன் வேலையைச் செய்திருந்தது. சீனி இறங்கியது, அமிலம் இறங்கியது, இதயம் அதற்கு மேல் ஒத்துவரவில்லை. மறுநாள், கோயிலில் சூரன்போர் நடந்த நேரத்தில், அவர் உயிர் பிரிந்தது.

அருளம்பலத்தார் சொன்னபடி சபையில் சொன்னார். பொய் சொன்னதைச் சொன்னார், தொட்டியையும் வயலையும் சொன்னார், நன்மையையும் தீமையையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். அவருடைய வாழ்நாளில் அவ்வளவு சரியாகப் பேசியதில்லை. இயக்கத்துக்காரர், மனைவி போன துக்கத்தில் அவருக்கு மனம் பேதலித்துவிட்டது என்று அனுதாபப்பட்டு, அவரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டார்கள். கஜீபன் படத்தைத் தன் பக்கத்திலிருந்து அழித்தான், அழுதான், வெளிநாடு போகிற அலுவலில் இறங்கினான். ஆனால் படம் அதற்குள் எண்ணமுடியாத கைபேசிகளுக்குப் போயிருந்தது. அழிக்கிற பொத்தான் ஒருவருடைய கையில்தான் இருக்கும். வைத்திருக்கிற கை எத்தனையோ.

ஒருநாள் இன்ஷிரா தொலைபேசி எடுத்தார். "சேர், வாங்கிப் போன இன்சுலினைச் சில பேர் திருப்பிக்கொண்டு வாறாங்க. உங்கட வீட்டம்மாட படத்தக் காட்டுறாங்க. நான் என்ன சொன்னாலும், வியாபாரத்துக்குச் சொல்றேன் எங்கிறாங்க. நீங்க வந்து சொன்னாக் கேப்பாங்க."

அன்றிலிருந்து அவர் பஸ் எடுத்துக் கிண்ணியாவுக்குப் போகிறார். கிளினிக்கில் சீனி வருத்தக்காரர் இருக்கிற மர வாங்குகளில், ஊசிக்குக் காத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, ஆள் ஆளாகச் சொல்கிறார். சிலர் கேட்கிறார்கள். சென்ற மாதம் முக்காடு போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவர், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுத்துத் தலையாட்டினார்.

"இல்ல வாத்தியார், நீங்க ஆரோ சொன்ன கதையச் சொல்றீங்க. அந்தம்மா மௌத்தாகல்ல, உசிரோடதான் இருக்கா. நேத்தும் பாத்தேன்." கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "இந்தா, அவவே பேசுறா, பாருங்களன்."

சேலையைச் சரிசெய்துகொண்டு புஸ்பராணி கதிரையில் உட்கார்ந்தார். பாவக்காய்ப் பகிடி வந்தது. அந்தப் பெண் சிரித்தார், வாங்கில் இருந்த மற்ற இருவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அருளம்பலத்தார் படம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு, "இது என்ர மனுசி. செத்துப்போனா," என்றார்.

அந்தப் பெண் கைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு, வாங்கின் மறு பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.